ஓடிட்டு இருக்கும்போதே ஹார்ட் நின்னு போறது: லாங் ரன் ஓடுறவங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஒவ்வொரு மாரத்தான் சீசன்லயும் எங்கயாவது ஒருத்தர் ஓடிட்டு இருக்கும்போதே விழுந்து இறந்துட்டார்னு செய்தி வரும், அன்னைக்கு ஃபுல்லா ரன்னிங் குரூப் வாட்ஸ்அப்ல அதே பேச்சுதான், சொந்தக்காரங்க வேற போன் போட்டு "உனக்கு எதுக்குப்பா இந்த வயசுல இதெல்லாம், பேசாம வாக்கிங் போ"ன்னு ஆரம்பிச்சிடுவாங்க. ரெண்டு நாள்ல மறந்துடுவோம், ஞாயித்துக்கிழமை விடியக்காலை நாலரைக்கு ஷூ மாட்டிட்டு கிளம்பிடுவோம். எனக்கு வயசு 47, 11 வருஷமா ஓடுறேன், டாக்டர்லாம் கிடையாது. எங்கப்பாவுக்கு 51 வயசுல அட்டாக் வந்துச்சு, அதனால இந்த விஷயத்தை கொஞ்சம் வெறியோடயே படிச்சு, எங்க கார்டியாலஜிஸ்ட்டை கேள்வி கேட்டே களைப்பாக்கி, தெரிஞ்சுக்கிட்டதை வரிசையா எழுதுறேன். நீளமா இருக்கும், அவசரம்னா படி 6-ஐ மட்டுமாவது படிச்சிடுங்க.

முதல்ல ஒரு குழப்பம். மாரடைப்பு வேற, ஹார்ட் நின்னு போறது வேற. வீட்டு மோட்டாரை நினைச்சுக்கோங்க, பைப்ல அடைப்பு வந்து தண்ணி வராம போறது மாரடைப்பு, அதாவது ஹார்ட்டுக்கே ரத்தம் கொண்டு போற குழாய் அடைக்கிறது, அப்ப ஆளுக்கு பெரும்பாலும் நினைவு இருக்கும், நெஞ்சைப் பிடிச்சுட்டு வலிக்குதுன்னு சொல்வார். கரண்ட் கோளாறாகி மோட்டார் சுத்தாம வெறுமனே அதிர்ற மாதிரி ஹார்ட் துடிக்காம நடுங்க ஆரம்பிச்சா அது கார்டியாக் அரெஸ்ட், சில செகண்ட்லயே ஆள் சாஞ்சிடுவார், பேச்சு மூச்சு இருக்காது. முதலாவது ரெண்டாவதுக்கு காரணமா இருக்கலாம், வேற காரணத்தாலயும் ரெண்டாவது வரலாம். ரோட்ல ரன்னர் சட்டுனு இறந்து போறதுன்னா இந்த ரெண்டாவதுதான்.

இப்ப ரிஸ்க் எவ்ளோன்னு பாப்போம், ஏன்னா பயமும் அளவோட இருக்கணும். அமெரிக்காவுல 2000-ல இருந்து 2010 வரைக்கும் மாரத்தான், ஹாஃப் மாரத்தான் ஓடின ஒரு கோடியே 9 லட்சம் பேரை கணக்கெடுத்தாங்க. அதுல 59 பேருக்கு கார்டியாக் அரெஸ்ட், 42 பேர் இறந்துட்டாங்க. லட்சம் பேருக்கு 0.54, அதாவது கிட்டத்தட்ட 1,85,000 பேருக்கு ஒருத்தர். ஃபுல் மாரத்தான்ல லட்சத்துக்கு 1.01, ஹாஃப்ல 0.27. ஆம்பளைங்களுக்கு 0.90, பொம்பளைங்களுக்கு 0.16. விழுந்தவங்களோட சராசரி வயசு 42, நிறைய பேர் விழுந்தது ரேஸோட கடைசி கால்வாசியில. அதே டீம் அடுத்து 2010-ல இருந்து 2023 வரைக்கும் பார்த்து 2025-ல வெளியிட்டாங்க, இந்த தடவை 2 கோடியே 93 லட்சம் பேர், 176 அரெஸ்ட். விழுற விகிதம் பழையபடியேதான், லட்சத்துக்கு 0.60. ஆனா இறக்குற விகிதம் 0.39-ல இருந்து 0.19 ஆகிடுச்சு, பாதி! விழுறவங்க எண்ணிக்கையை யாராலயும் குறைக்க முடியல, பக்கத்துல இருந்தவங்க உடனே நெஞ்சை அமுக்கினதாலயும் ஷாக் கொடுக்குற மெஷின் சீக்கிரம் வந்ததாலயும் பிழைக்கிறவங்க கூடிட்டாங்க. இதை மனசுல வச்சுக்கோங்க.

ஜிம் ஃபிக்ஸ் பேரை கேள்விப்பட்டிருப்பீங்க. 1977-ல அவர் எழுதின புக்கை படிச்சுட்டுதான் அமெரிக்காவுல லட்சக்கணக்கான பேர் ரோட்ல ஓட ஆரம்பிச்சாங்க. 1984 ஜூலை 20-ஆம் தேதி வெர்மான்ட்ல ஓடிட்டு இருந்தப்பவே விழுந்து போயிட்டார், வயசு 52. "ஓடுங்க ஓடுங்கன்னு சொன்னவரே ஓடி செத்துட்டாரு பார்த்தியா"ன்னு உலகமே கிண்டல் பண்ணுச்சு, இன்னைக்கும் நம்ம பெரியப்பாங்க சொல்றது அதேதான். ஆனா போஸ்ட்மார்ட்டத்துல அவரோட ரத்தக் குழாய்கள்ல ஒண்ணு 95 சதவீதம், ஒண்ணு 85, இன்னொண்ணு 70 அடைச்சிருந்துச்சு. அவங்கப்பாவுக்கு 35 வயசுலயே அட்டாக், 43-ல காலமாகிட்டார். ஃபிக்ஸ் ஓட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி தினம் ரெண்டு பாக்கெட் சிகரெட், நல்ல குண்டு வேற. ஏரோபிக்ஸ்னு பேர் வச்ச டாக்டர் கென்னத் கூப்பர் டிரெட்மில் டெஸ்ட் பண்ணிக்கச் சொல்லியும் வேணாம்னுட்டார். அப்பாவை விட 9 வருஷம் கூட இருந்ததுக்கு ஓட்டம் உதவியிருக்கலாம், ஆனா ஓடுறதால பழைய கணக்கு அழிஞ்சிடுச்சுன்னு அவர் நம்பினார் பாருங்க, அங்கதான் மாட்டிக்கிட்டார். நம்ம குரூப்ல பாதி பேர் இந்த நம்பிக்கையிலதான் ஓடுறோம், நான் உட்பட, ரொம்ப நாளா.

படி 1: உங்க வயசு எந்தப் பக்கம்னு பாருங்க

35-ங்கிறது தோராயமான ஒரு கோடு. அதுக்கு மேலன்னா முதல் சந்தேகம் ரத்தக் குழாய் அடைப்பு மேலதான், சுகர், பிபி, கொழுப்பு, சிகரெட், குடும்ப வரலாறு எல்லாம் கணக்குல வரும். அதுக்கு கீழன்னா பொறப்புலயே வந்த விஷயங்கள்: ஹார்ட் தசை அளவுக்கு மீறி தடிக்கிறது, வலது பக்க தசை கொழுப்பா மாறுறது (இந்த வியாதி இருக்குறவங்களுக்கு லாங் டிஸ்டன்ஸ் ஓட்டமே நோயை வேகப்படுத்தும்), ரத்தக் குழாய் தப்பான இடத்துல இருந்து கிளம்புறது, கரண்ட் சர்க்யூட் கோளாறுங்க. அமெரிக்க ரன்னர் ரயன் ஷே 2007 நவம்பர் 3-ஆம் தேதி நியூயார்க் சென்ட்ரல் பார்க்ல ஒலிம்பிக் செலக்‌ஷன் மாரத்தான்ல 9 கிலோமீட்டர் கிட்ட விழுந்து இறந்தப்ப வயசு 28. ஹார்ட் பெருசா இருந்துச்சு, தசையில அங்கங்க தழும்பு. ஹார்ட் பெருசுன்னு டீனேஜ்லயே சொல்லியிருந்தாங்களாம்.

நம்ம ஆளுங்களுக்கு இன்னும் ரெண்டு விஷயம் சேத்துக்கணும். 52 நாடுகள்ல நடந்த ஒரு பெரிய ஆய்வுல தெற்காசியக்காரங்களுக்கு முதல் அட்டாக் வர்ற வயசு 53-ன்னு வந்துச்சு, மத்தவங்களுக்கு கிட்டத்தட்ட 59. அதனால வெள்ளைக்காரன் எழுதின வழிகாட்டில 45-ன்னு இருந்தா நான் 40-ன்னுதான் படிப்பேன், இது என் சொந்த கணக்கு. ரெண்டாவது, 2009-ல மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துல வேலை செஞ்ச விஞ்ஞானிகளும் சேர்ந்து வெளியிட்ட ஆராய்ச்சில, ஹார்ட் தசை புரோட்டீன் ஜீன் ஒண்ணுல 25 எழுத்து விடுபட்டிருக்கிறது நம்ம துணைக்கண்டத்துல நூத்துக்கு 4 பேர்கிட்ட இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. இருக்குற எல்லாருக்கும் நோய் வராது, வந்தா பெரும்பாலும் நடுவயசுக்கு மேல தசை பலவீனமா காட்டும். அப்பா அம்மா ரெண்டு பக்கம் இருந்தும் வந்தா கடுமை கூட. சொந்தத்துலயே கல்யாணம் பண்ற குடும்பங்கள் இதை கொஞ்சம் கவனிக்கணும்.

படி 2: வீட்டுல விசாரிங்க, நேரா கேக்காதீங்க

டாக்டர் "குடும்பத்துல யாருக்காவது ஹார்ட் பிரச்சனை உண்டா"ன்னு கேட்டா நாம சட்டுனு இல்லைன்னுடுவோம். நம்ம வீடுகள்ல யாரும் கார்டியாக் அரெஸ்ட்ல போக மாட்டாங்க, "தூக்கத்துலயே போயிட்டாரு புண்ணியவான்", "கிணத்துல குளிக்கப் போன புள்ள மேல வரவே இல்ல", "வண்டி ஓட்டிட்டு போனவன் தானா விழுந்தான்", "காத்து கருப்பு அடிச்சிடுச்சு" இப்படித்தான் போவாங்க. இந்தக் கதைங்களுக்குள்ளதான் டயக்னோசிஸ் ஒளிஞ்சிருக்கு. நல்லா நீச்சல் தெரிஞ்ச சின்னப் பையன் தண்ணில போனதுக்கு கரண்ட் கோளாறு காரணமா இருக்கலாம்.

அதனால அத்தை, பெரியம்மா, ஊர்ல இருக்குற வயசான தாத்தா இவங்ககிட்ட உக்காந்து கதை கேக்குற மாதிரி கேளுங்க. யாரு 50 வயசுக்குள்ள திடீர்னு போனாங்க, யாருக்கு அடிக்கடி மயக்கம் வரும், "வலிப்பு"ன்னு மாத்திரை சாப்ட்டு கேக்காம போனது யாரு. அப்பா, அண்ணன் தம்பிக்கு 55 வயசுக்கு முன்னாடியோ அம்மா, அக்கா தங்கச்சிக்கு 65-க்கு முன்னாடியோ ஹார்ட் பிரச்சனை வந்திருந்தா அதை டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லணும். எங்க வீட்ல ஒரு கல்யாணத்துல சித்திகிட்ட பேச்சு கொடுத்தப்பதான் எங்கப்பாவோட சித்தப்பா 39 வயசுல ஏர் ஓட்டிட்டு இருக்கும்போதே விழுந்த கதை வெளிய வந்துச்சு. அதுவரைக்கும் அவரை பாம்பு கடிச்சதாதான் நான் நினைச்சிருந்தேன்.

படி 3: என்ன டெஸ்ட், அது எதைக் காட்டும், எதைக் காட்டாது

இங்கதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. மாஸ்டர் ஹெல்த் செக்கப் பண்ணி ரிப்போர்ட்ல நார்மல்னு வந்துடுச்சுன்னா அதை லைசென்ஸ் மாதிரி பர்ஸ்ல வச்சுக்கிறது. ஒவ்வொரு டெஸ்ட்டும் ஒரு ஜன்னல் மாதிரி, அது வழியா தெரியுறதுதான் தெரியும்.

ஈசிஜி கரண்ட் பக்கத்தை காட்டும், தசை தடிச்சிருந்தாலும் பெரும்பாலும் கோடு காட்டிடும். இத்தாலில 1982-ல இருந்து போட்டில கலந்துக்கிற விளையாட்டு வீரர்களுக்கு இதை கட்டாயமாக்கினாங்க, அங்க வெனெட்டோ பகுதியில இளம் வீரர்கள் திடீர்னு இறக்குறது லட்சத்துக்கு 3.6-ல இருந்து 0.4-க்கு இறங்குச்சுன்னு கணக்கு காட்டினாங்க. இதை எல்லா நாட்டு டாக்டருங்களும் ஒத்துக்கல, விவாதம் ஓடிட்டே இருக்கு. ஆனா ஒரு தடவை ஈசிஜி எடுக்குறது சில நூறு ரூபாய், நம்ம ஷூ லேஸை விட கொஞ்சம் கூட, எடுத்துடுங்க. ஒண்ணு மட்டும், வருஷக்கணக்கா ஓடுறவங்க ஹார்ட் துடிப்பு 45, 50-ன்னு இருக்கும், சுவர் கொஞ்சம் தடிச்சிருக்கும், விளையாட்டு வீரர்களை பார்த்து பழக்கமில்லாத டாக்டர் பயந்துடுவார், இல்லைன்னா நிஜமான நோயை "ரன்னர்தானே"ன்னு விட்டுடுவார். ரெண்டும் ஆபத்து. வாரம் எத்தனை கிலோமீட்டர்னு முதல்லயே சொல்லிடுங்க.

எக்கோ, அதான் ஹார்ட்டுக்கு எடுக்குற ஸ்கேன், தசையையும் வால்வையும் காட்டும், ரத்தக் குழாய் அடைப்பை நேரடியா காட்டாது. டிஎம்டி, அதான் டிரெட்மில்ல ஓடவிட்டு ஈசிஜி பாக்குறது, ரத்த ஓட்டத்தை தடுக்குற அளவு பெரிய அடைப்பை பிடிக்கும், சின்னதா மெல்லிய தோலோட உக்காந்திருக்குற கொழுப்புத் திட்டை பிடிக்காது, அது திடீர்னு வெடிச்சு ரத்தம் உறைஞ்சுதான் நிறைய அட்டாக் வருது. இதுல இன்னொரு வேடிக்கை, டிஎம்டில ரன்னருங்க 9 நிமிஷத்துல மூச்சு கூட வாங்க மாட்டோம், குறிப்பிட்ட துடிப்பு வந்ததும் டெக்னீஷியன் நிறுத்திடுவார், "சார் நல்லா ஓடுறீங்க"ன்னு பாராட்டு வேற. முடிஞ்ச வரைக்கும் ஓடவிடச் சொல்லி கேளுங்க, பிரச்சனை எந்த வேகத்துல வருதோ அந்த வேகம் வரைக்கும் போனாதான் தெரியும்.

40 தாண்டி குடும்ப வரலாறும் இருந்தா கால்சியம் ஸ்கோர் சிடி பத்தி டாக்டர்கிட்ட பேசுங்க, ரத்தக் குழாய் சுவர்ல சுண்ணாம்பு எவ்ளோ படிஞ்சிருக்குன்னு அது சொல்லும். லாங் டிஸ்டன்ஸ் ஓடுறவங்களுக்கு இந்த ஸ்கோர் சில சமயம் எதிர்பார்த்ததை விட கூடவே வரும், அது எவ்ளோ ஆபத்துன்னு ஆராய்ச்சிக்காரங்களே இன்னும் பேசிட்டிருக்காங்க. ஆனா "நான் ஓடுறேன், எனக்கு கொழுப்பு மாத்திரை எதுக்கு"ன்னு கேக்குறதுக்கு அது பதில் சொல்லிடும். எனக்கு சொல்லிடுச்சு, ராத்திரி ஒரு மாத்திரை போடுறேன், ஓட்டமும் நடக்குது. ரத்த டெஸ்ட்ல லைப்போபுரோட்டீன் ஏ-ங்கிற ஒரு வகை கொழுப்பையும் வாழ்க்கையில ஒரு தடவை பாத்துக்கோங்க, அது பரம்பரையா வர்றது, நம்ம ஆளுங்கள்ல நிறைய பேருக்கு கூட இருக்கும், டயட்டால பெருசா இறங்காது.

படி 4: உடம்பு கொடுக்குற தகவல்

திடீர்னு செத்துட்டார்னு சொல்றோம், பின்னாடி விசாரிச்சா பல பேர் விஷயத்துல அது அவ்ளோ திடீர்னு இல்ல. ரெண்டு வாரமாவே ஏதோ இருந்திருக்கும், "கேஸ்"னு சொல்லி ஜெலுசில் குடிச்சிருப்பாங்க. இந்த கேஸ் ட்ரபிள்ங்கிற வார்த்தையை நம்ம ஊர்ல இருந்து எடுத்துட்டா எத்தனையோ பேர் பிழைப்பாங்கன்னு எனக்கு தோணும். எங்க குரூப்ல ஒருத்தருக்கு மேம்பாலம் ஏறும்போது மட்டும் தாடை வலிக்கும், இறங்குனா போயிடும், பல் டாக்டர்கிட்ட ரெண்டு தடவை போயிட்டு வந்தார். எங்க கோச்சுதான் காதைப் பிடிச்சு இழுத்துட்டு போகாத குறையா கார்டியாலஜிஸ்ட்கிட்ட அனுப்பினார், மூணு ஸ்டென்ட்.

ஒரே சூத்திரம்தான்: ஓடும்போது வந்து, நின்னா போற எதுவும், நெஞ்சு இறுக்கமோ தாடையோ தோள்பட்டையோ நெஞ்செரிச்சலோ எதுவா இருந்தாலும் ஹார்ட்டுன்னு வச்சுக்கோங்க, இல்லைன்னு டாக்டர் சொல்லட்டும். காரணமே இல்லாம பழைய வேகத்துலயே மூச்சு வாங்குறது, ஒரு மாசத்துல கிலோமீட்டருக்கு ஒரு நிமிஷம் ஸ்லோ ஆகுறது, படபடப்போட தலை சுத்துறது இதுவும் சேத்திதான். மயக்கத்துல ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கு, ஃபினிஷ் லைன் தாண்டி சட்டுனு நின்னப்புறம் கண்ணு இருட்டி உக்காந்துடுறது பெரும்பாலும் கால்ல ரத்தம் தங்குறதால, படுக்க வச்சு காலை தூக்கினா சரியாகும். ஓடிட்டே இருக்கும்போது விழுந்தா அது வேற கதை, உடனே எழுந்து உக்காந்து சிரிச்சாலும் அன்னைக்கே பாக்கணும், முழு டெஸ்ட்டும் முடியுற வரைக்கும் ஓட்டம் கிடையாது. வாட்ச்சை மட்டும் நம்பாதீங்க, கைல கட்டுற வாட்ச் சில நேரம் காலடி எண்ணிக்கையையே ஹார்ட் ரேட்டுன்னு காட்டும். நம்பர் நார்மலா இருந்து நெஞ்சு சரியில்லைன்னா நெஞ்சைத்தான் நம்பணும்.

படி 5: ட்ரெயினிங்லயும் ரேஸ் அன்னைக்கும்

எப்பவோ ஒரு தடவை மட்டும் உடம்பை வருத்துறதுதான் பெரிய ஆபத்து. 1993-ல வந்த ஒரு ஆய்வுல, உடற்பயிற்சியே இல்லாதவங்க திடீர்னு கடுமையா உழைச்சா அந்த ஒரு மணி நேரத்துல அட்டாக் ரிஸ்க் 107 மடங்கு ஏறுச்சு, வாரத்துக்கு 5 நாள் பண்றவங்களுக்கு 2.4 மடங்குதான். ஆஃபீஸ்ல டீ-ஷர்ட் கொடுக்குறாங்கன்னு பயிற்சியில்லாம 10 கே-ல குதிக்கிற நண்பருக்கு இதை அனுப்புங்க.

காய்ச்சலோட ஓடாதீங்க, இதுல பேச்சே இல்ல. வைரஸ் சில சமயம் ஹார்ட் தசையையும் பிடிக்கும், அந்த வீக்கத்தோட ஓடினா கரண்ட் கோளாறு வரலாம். அப்படி வீக்கம்னு உறுதியாச்சுன்னா மூணுல இருந்து ஆறு மாசம் வரைக்கும் ரெஸ்ட் சொல்வாங்க. ரேஸுக்கு காசு கட்டிட்டேன்னு பாராசிட்டமால் போட்டுட்டு ஸ்டார்ட் லைன்ல நிக்கிறவங்களை வருஷா வருஷம் பாக்குறேன். வலி மாத்திரைங்க, புரூஃபென், டைக்ளோபினாக் வகையறா, ரேஸுக்கு முன்னாடி வேணவே வேணாம், ஹார்ட்டுக்கும் நல்லதில்ல கிட்னிக்கும் நல்லதில்ல.

நம்ம வெயிலை தனியா சொல்லணும். டெல் அவீவ்ல நடந்த ஓட்டங்களை பல வருஷம் ஆராய்ஞ்சப்ப, சீரியஸான ஹார்ட் கேஸ் ஒண்ணுன்னா சீரியஸான ஹீட் ஸ்ட்ரோக் பத்துன்னு வந்துச்சு. சென்னை புழுக்கத்துல ஜனவரிலயே ஏழரை மணிக்கு மேல நிலைமை தெரியும்ல, வேர்வை காயாது, சூடு வெளிய போகாது. அதுக்காக குடம் குடமா தண்ணியும் குடிக்காதீங்க, 2002 பாஸ்டன் மாரத்தான்ல ரத்தம் எடுத்து பாத்த 488 பேர்ல 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைஞ்சிருந்துச்சு, அதுவும் ஆளை கவுத்துடும். தாகத்துக்கு குடிங்க, மோரோ உப்பு போட்ட எலுமிச்சை ஜூஸோ இடையில சேத்துக்கோங்க.

கடைசியா போட்டோகிராபரை பார்த்ததும் ஸ்பிரின்ட் அடிக்கிறது. 40 கிலோமீட்டர் ஓடி காஞ்சு போன உடம்புல அட்ரினலினை கொட்டுற வேலை அது. கடைசி கால்வாசியில ஏன் நிறைய பேர் விழுறாங்கன்னு மேல சொன்னேன்ல. ரெண்டு நிமிஷம் லேட்டா போனா மெடல் ஒண்ணும் சின்னதா கொடுக்க மாட்டாங்க.

படி 6: பக்கத்துல ஒருத்தர் விழுந்தா

உங்க ரேஸ் அங்கேயே முடிஞ்சுது, வாட்ச்சை நிறுத்துங்க. தோளைத் தட்டி சத்தமா கூப்பிடுங்க. பதில் இல்லை, மூச்சும் இல்லை, இல்லைன்னா மீன் வாய் திறக்குற மாதிரி விட்டு விட்டு ஒரு இழுப்பு, அப்படின்னா ஹார்ட் நின்னுடுச்சு. அந்த இழுப்பை மூச்சுன்னு நினைச்சு காத்திருக்கிறதுலதான் உயிர் போகுது. முதல் சில செகண்ட் கை கால் வெட்டி வெட்டி இழுக்கலாம், நம்ம ஊர்ல உடனே "வலிப்பு வலிப்பு"ன்னு கத்தி கையில இரும்பு சாவியை திணிப்பாங்க, இன்னொருத்தர் மூஞ்சில தண்ணி அடிப்பார், மூணாவது ஆள் நிமித்தி உக்கார வச்சு வாய்ல சோடா ஊத்துவார். மூணு பேரையும் தள்ளுங்க. ஒருத்தரை கை காட்டி "ப்ளூ டீ-ஷர்ட், நீங்க 108-க்கு போன் பண்ணுங்க"ன்னு சொல்லுங்க, இன்னொருத்தரை ஏஇடி, அதான் ஷாக் கொடுக்குற மெஷின், எங்க இருக்குன்னு தேட ஓடவிடுங்க. பொதுவா "யாராவது பண்ணுங்க"ன்னா யாரும் பண்ண மாட்டாங்க.

கெட்டியான தரையில மல்லாக்க படுக்க வச்சு, நெஞ்சு நடுவுல உள்ளங்கை அடிப்பாகத்தை வச்சு, மேல இன்னொரு கையை கோத்து, முழங்கையை மடக்காம உங்க உடம்பு எடையால அமுக்குங்க. 5-ல இருந்து 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிஷத்துக்கு 100-ல இருந்து 120, அதாவது செகண்டுக்கு ரெண்டு தடவை கிட்ட. ஒவ்வொரு அமுக்கலுக்கும் நெஞ்சு முழுசா மேல வரவிடணும். வாயோட வாய் வச்சு ஊதத் தெரியலைன்னா விட்டுடுங்க, அமுக்கிட்டே இருங்க. விலா எலும்பு உடையுற சத்தம் கேக்கலாம், நிறுத்தாதீங்க, எலும்பு கூடிக்கும். ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஆள் மாத்துங்க, களைச்ச கை ஆழமா அமுக்காது. ஒண்ணும் பண்ணாம விடுற ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பிழைக்கிற வாய்ப்பு 7-ல இருந்து 10 சதவீதம் போயிட்டே இருக்கும், ஞாயித்துக்கிழமை மூடின ரோட்ல ஆம்புலன்ஸ் வர எவ்ளோ நேரம் ஆகும்னு நீங்களே போட்டுப் பாருங்க.

மெஷின் வந்ததும் ஆன் பண்ணுங்க, அதுவே பேசும், வேர்வையை துடைச்சுட்டு பட்டையை ஒட்டுங்க, தேவையில்லாம அது ஷாக் கொடுக்காது, அதனால பயப்பட ஒண்ணுமில்ல. 2009 டோக்கியோ மாரத்தான்ல மட்சுமுரா குனிஹிரோங்கிற காமெடி நடிகர் விழுந்து ஹார்ட் நின்னு போச்சு, அங்கேயே ஏஇடி வச்சு எழுப்பிட்டாங்க, அப்புறம் டிவி ஷோ எல்லாம் பண்ணிட்டுதான் இருந்தார். அங்க மருத்துவ டீம் ஏஇடியை முதுகுல மாட்டிட்டு சைக்கிள்லயே சுத்துவாங்க. நீங்க அடுத்த ரேஸுக்கு பதிவு பண்ணும்போது டீ-ஷர்ட் சைஸ் கேக்குறதோட எத்தனை ஏஇடி, எத்தனாவது கிலோமீட்டர்லன்னு ஒரு மெயில் போட்டு கேளுங்க, பத்து பேர் கேட்டா அடுத்த வருஷம் மெஷின் வரும்.

விழுந்தவருக்கு மூச்சு ஒழுங்கா இருக்கு, ஆனா உளறுறார், உடம்பு அனலா கொதிக்குதுன்னா அது ஹீட் ஸ்ட்ரோக். ஐஸ் தண்ணி, ஈரத்துணி, நிழல், எது கைல கிடைக்குதோ அதால உடம்பு முழுக்க குளிர வைங்க, ஆஸ்பத்திரி போய் பாத்துக்கலாம்னு காத்திருக்காதீங்க.

படி 7: அதுக்கப்புறம்

ஸ்டென்ட் வச்சவங்க திரும்ப ஓடுறாங்களா? நிறைய பேர் ஓடுறாங்க, டாக்டர் மேற்பார்வையில நடையில இருந்து ஆரம்பிச்சு. ஹார்ட் தசை வியாதிக்காரங்களுக்கு ஒவ்வொருத்தருக்கும் பதில் வேற. டென்மார்க் ஃபுட்பால் வீரர் எரிக்சனுக்கு 2021 ஜூன்ல கிரவுண்ட்லயே ஹார்ட் நின்னுச்சு, உள்ளேயே ஷாக் கொடுக்குற சின்ன கருவியை நெஞ்சுல வச்சுட்டு அடுத்த வருஷமே ஆட வந்துட்டார். அவர் ஆடினார்னு நீங்க ஆட முடியாது, உங்க ரிப்போர்ட்டை வச்சு உங்க டாக்டர்தான் சொல்லணும். மாரத்தான் முடிச்ச ஒரு ரெண்டு நாளைக்கு ரத்தத்துல ட்ரோபோனின் (அட்டாக்கான்னு பாக்க டெஸ்ட் பண்ற ஹார்ட் தசை புரோட்டீன்) நிறைய பேருக்கு கொஞ்சம் ஏறியிருக்கும்ங்கிறதையும் தெரிஞ்சு வச்சுக்கோங்க, அந்த சமயம் நெஞ்சு வலின்னு கேஷுவாலிட்டி போனா "நேத்து 42 கிலோமீட்டர் ஓடினேன்"னு முதல்ல சொல்லுங்க. சொல்லிட்டு ஓட்டத்தாலதான் ஏறியிருக்குன்னு நீங்களே தீர்ப்பும் சொல்லிட்டு எழுந்து வராதீங்க, சில மணி நேரம் கழிச்சு மறுபடி எடுத்து பாப்பாங்க, அதுவரைக்கும் படுங்க.

இன்னைக்கே பண்ண வேண்டியது ஒண்ணு இருக்கு, அஞ்சு நிமிஷ வேலை. அடுத்த ரேஸ் பிப், அதான் நெஞ்சுல குத்திக்கிற நம்பர் அட்டை, வந்ததும் பின்னாடி திருப்பி பால்பாயின்ட் பேனாவுல பேரு, பிளட் குரூப், சாப்பிடுற மாத்திரை, அலர்ஜி, வீட்ல ரிங் போனா எடுக்குற ஒருத்தரோட நம்பர் எழுதுங்க. ஜெல் பேனா வேணாம், வேர்வைல கரைஞ்சிடும். நம்பர் யாரோடதுன்னு யோசிச்சு எழுதுங்க, நான் முதல் தடவை வீட்டுக்காரம்மா நம்பரை எழுதினேன், அவங்களும் அதே ரேஸ்ல என் பின்னாடி பத்து கே ஓடிட்டு இருந்தாங்க, போன் கார்ல.